வாயில்லாச் சீவன்களின் வரவு செலவு

கடையெழு வள்ளல்களின் வரிசையிலே கொல்லிமலைக்கு ஓர் இடம் உண்டு. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஆண்டுதோறும் ஆடித் திங்கள் பதினேழு, பதினெட்டாம் நாட்களில் செம்மேட்டிலே அவன் பெயரால் அரசு விழா எடுக்கிறது. அவ்வரிசையில் அவனோடு வைத்து எண்ணப்படும் மற்றொருவன் பேகன். குளிரால் நடுங்குகிறது என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். இக்கதையைப் பாடப் புத்தகத்திலே படிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்டுச் சிரிக்காத பிள்ளையும் இல்லை எனலாம்.

பிள்ளைகள் சிரிக்கட்டும். நாம் பார்க்கவேண்டியது வேறொன்று. பேகன் கொடுத்தது தன் தோளிற் கிடந்த போர்வை. ஊர் ஊராகச் சென்று போர்வை தண்டி மயிலிடம் சேர்க்க அவன் புறப்படவில்லை. புறப்பட்டிருந்தால் எத்தனை போர்வை வந்தது, எத்தனை மயிலைச் சென்றடைந்தது, மிச்சம் எங்கே என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்திருக்கும். மயில் கேட்டிராது. தன் பொருளை வழங்குபவனுக்குக் கணக்கு அவன் மனச்சாட்சியோடு முடிந்துவிடுகிறது. பிறர் பொருளை வாங்கி வழங்குபவனோ அமானிதம் சுமப்பவன். பிராணிகளின் பெயரால் நிதி திரட்டும் சங்கங்களும் தனியன்பர்களும் பெருகியிருக்கும் இந்நாளில், இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று.

அதே கொல்லிமலையில் வாசலூர்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு படகுத்துறை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவருகிற குடும்பங்கள், பிள்ளைகளைப் படகிலே ஏற்றி இறக்கி, மிளகும் மலைவாழைப் பழமும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுகின்றன. வழியில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பொரியும் பழமும் எறிவோர் உண்டு. அந்த இரக்கமே குரங்கைச் சாலைக்கு இழுத்துவந்து சக்கரத்தின்முன் நிறுத்துகிறது என்பதை எறிகிற கை எண்ணுவதில்லை. அந்தப் படகுத்துறை வாயிலிலே, அடிபட்ட பிராணிகளின் சிகிச்சைக்கு உதவுங்கள் என்றெழுதிய உண்டியல் ஒன்று வைக்கப்பட்டதாக எண்ணிப் பாருங்கள். அப்படியொன்று அங்கே இருப்பதாக நான் சொல்லவில்லை; கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளவே கற்பனையில் வைத்துப் பார்க்கிறேன்.

சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதில் நூறு ரூபாய் போடுகிறது. மாலையில் இறங்கிப் போய்விடுகிறது. மறுபடி வருமோ, வராதோ. கால் முறிந்து கிடக்கும் நாயோ, தன் பெயரால் நூறு ரூபாய் வந்ததை அறியாது. கொடுத்தவர் ஊரில் இல்லை. பெறவேண்டியதற்கு வாய் இல்லை. இடையிலே உண்டியலின் சாவியோடு ஒருவர் நிற்கிறார். அவருடைய நிலையை நினைத்தால் எனக்கு அச்சமே உண்டாகிறது.

மற்ற தருமங்களில் இந்த நிலை இல்லை. நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை வசூல் இன்ன தொகை, இன்னின்னாருக்கு வழங்கியது இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடும் நல்வழக்கம் உண்டு. ஒரு கைம்பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று பலகை சொல்ல, அவள் கைக்கு ஐந்நூறு வந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடமாவது அவள் சொல்லாமலிருக்க மாட்டாள். அந்தப் பேச்சு தெருத் தெருவாக நடந்து முத்தவல்லியின் காதை எட்டிவிடும். பெறுபவரின் வாயே அங்கே தணிக்கை அதிகாரி. பிராணிக்கான தருமத்தில் அந்த அதிகாரி பிறவியிலேயே ஊமை. ஆகவேதான், மற்றெந்த அறப்பணியைக் காட்டிலும் இதிலே கணக்கேடு கூடுதல் நேர்மை உடையதாய் இருக்கவேண்டும் என்கிறேன். அந்த ஏடு எழுதுபவரின் வசதிக்காக ஏற்பட்டதன்று. பேசமாட்டாத ஒன்றின் நாக்கு அது.

அன்சாரி ஒருவரின் தோட்டத்திலே பெருமானார் (ஸல்) அவர்களைக் கண்டதும் ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்த வரலாற்றை நாம் அறிவோம். உடையவன் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குகிறான் என்பது அதன் முறையீடு. ஒட்டகத்தின் முறையீட்டைக் கேட்க ஒரு நபியின் செவி வேண்டியிருந்தது. அந்தச் செவி நமக்கு வாய்க்கவில்லை. சிட்டையும் பேரேடும்தான் வாய்த்திருக்கின்றன. இவ்வுலகில் வாய் மூடியிருப்பவை மறுமையிலும் மூடியிருக்கும் என்று நினைப்பவர், கொம்பில்லாத ஆட்டுக்கும் கொம்புள்ள ஆட்டிடமிருந்து அன்று நீதி வாங்கித் தரப்படும் என்ற நபிமொழியை மறந்தவர்.

இவ்விடத்தில் சிலர் கேட்கக்கூடும்: 'நாய்க்கு வசூலா? ஷாபிஈ மத்ஹபின்படி அதன் எச்சில் பட்டால் மண்ணிட்டு ஏழுமுறை கழுவவேண்டுமே!' கழுவவேண்டியது உண்மைதான். ஆனால் கழுவுவது தூய்மையின் சட்டம். தாகத்துக்குத் தண்ணீர் தருவது இரக்கத்தின் சட்டம். கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு நாய்க்குப் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாக அறிவித்த மார்க்கத்தில், இவ்விரண்டையும் மோதவிடுவது பொருந்தாது. எனினும் ஒரு வரம்பு உண்டு. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரும் மனிதர்கள். ஜகாத் பணத்தைப் பிராணிக் காப்பகத்துக்குத் திருப்புவது கூடாது. ஸதகாவும் வக்ஃபும் தாராளமாகத் திறந்திருக்கின்றன. வாங்கும்போதே இது எந்தப் பணம் என்று கேளாமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொள்பவர், கொடுத்தவரின் கடமையையும் சேர்த்தே கெடுத்துவிடுகிறார்.

இனிக் கூலியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பிராணிநல நிதி என்றாலே வீண்வாதம் கிளம்புவது இங்கேதான். நான் தரும் ஒவ்வொரு காசும் பிராணிக்கே போய்ச் சேரவேண்டும் என்கிறார் கொடையாளர். கேட்பதற்கு இனிய சொல். ஆனால் கட்டுப் போடுகிற கைக்குக் கூலி தராமல் நாய்க்கு எவ்வாறு கட்டுப் போடுவது? கூண்டைக் கழுவுகிறவருக்கும் ஊர்தி ஓட்டுகிறவருக்கும் வீட்டிலே உலை கொதிக்கவேண்டாமா?

நம் முன்னோர் இதை மூன்று இடங்களில் மூன்று விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். பெருமானாரின் இறுதி ஹஜ்ஜிலே பலிகொடுத்த ஒட்டகங்களின் இறைச்சி, தோல், மேல்விரிப்பு யாவற்றையும் தருமமாகப் பங்கிடும் பொறுப்பு அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுத்தவருக்கு அவற்றிலிருந்து கூலி தரக்கூடாது; அதை நாமே நம் கையிலிருந்து தருவோம் என்பது கட்டளை. குர்பானித் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுத்துவிடக்கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். மாறாக, உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவில் அதிலிருந்தே உண்ணலாம், செல்வம் சேர்த்துக்கொள்ளலாகாது என்று விதித்தார்கள். மூன்றாவதாக, ஜகாத்தைத் தண்டி வருபவருக்கு அந்த ஜகாத்திலேயே பங்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது.

இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. அறுப்பவர் குர்பானி கொடுப்பவரின் வேலையைச் செய்கிறார். அவர் கூலி கொடுப்பவரின் கடன். நிலத்தைப் பார்ப்பவர் தருமத்தின் வேலையைச் செய்கிறார். அவர் உணவு தருமத்தின் செலவு. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், மருத்துவரின் சம்பளமும் ஊர்தியின் எண்ணெய்ச் செலவும் பிராணிக்கான செலவே. அவற்றை மறைக்க வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் வசூலிப்பவர் தம் பெயரைச் சுவரொட்டியில் பெரிதாக அச்சிடுகிற செலவும், பாராட்டு விழாப் பந்தலின் செலவும் அவருடைய சொந்தக் கடன். ஆட்டின் தோலை அதற்கு எடுக்கக்கூடாது.

சட்டம் இதை விழுக்காட்டால் அளக்கப் பார்க்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்த வரம்பை, 2020இல் வந்த திருத்தம் நூற்றுக்கு இருபதாகக் குறைத்தது. வரம்பு இருப்பது நல்லதுதான். ஆயினும் இருபது விழுக்காட்டுக்குள் திருடவும் முடியும். இருபதைத் தாண்டி நேர்மையாக நடக்கவும் முடியும். இதிலே கொடையாளரின் பங்கையும் சொல்லவேண்டும். கூலி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர், சங்கத்தாரைப் பொய்க் கணக்கு எழுதப் பழக்குகிறார். சம்பளம் தீவனமாக மாறுகிறது. வாடகை மருந்தாக மாறுகிறது. கணக்குப் பார்த்தால் நாய் மாதம் மூன்று மூட்டை அரிசி தின்றிருக்கும்! உண்மையைத் தாங்கிக்கொள்ள மாட்டாதவரிடம் உண்மை சொல்லப்படுவதில்லை.

அடுத்தது படத்தைப் பற்றிய கேள்வி. புண் பெரிதாயிருக்கும் படத்துக்குப் பணம் மிகுதியாக வருகிறது. இதை ஒருமுறை கண்டுகொண்டவரின் உள்ளத்தில் ஷைத்தான் என்ன ஓதுவான் என்று சொல்லவும் வேண்டுமோ? மலைப்பாம்பின்முன் குட்டியைத் தாமே வைத்துவிட்டுத் தாமே ஓடிவந்து மீட்பதாகப் படம் பிடித்து, அதைக் காட்டிப் பணம் திரட்டுவோரைப் பற்றி அண்மை ஆண்டுகளில் பன்னாட்டுப் பிராணிநல அமைப்புகள் எச்சரித்துள்ளன. அந்த அளவுக்குப் போகாத நல்லவர்கள்கூட, நாய் இறந்த பிறகும் அதன் படத்தை வைத்து வசூலைத் தொடர்வதும், பிழைக்காது என்று தெரிந்ததைப் பிழைத்துவிடும் என்று எழுதுவதும் உண்டு. 'மனம் இளகினால்தானே ஐயா பணம் வரும்' என்று அவர்கள் சமாதானம் சொல்கிறார்கள்.

இதற்கு விடை கெய்ரோ நகரிலே இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இராணுவம் தன் குதிரைகளை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போயிற்று. 1930இல் படைத்தளபதி ஒருவரின் மனைவியாக அங்கு வந்த டாரதி புரூக் என்னும் பெண்மணி, அக்குதிரைகள் இருபது வயதைத் தாண்டி, எலும்பும் தோலுமாய் வண்டி இழுப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் மார்னிங் போஸ்ட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் வேண்டியது எது தெரியுமா? இக்குதிரைகளைக் காப்பாற்றுவோம் என்று எழுதியிருந்தால் இன்னும் கவர்ச்சியாக இருந்திருக்கும். அவரோ, இவற்றின் துயரத்துக்குக் கருணையோடு ஒரு முடிவு தருவதற்கு உதவுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். சாகடிப்பதற்குப் பணம் கேட்கும் கடிதம் அது. ஆயினும் பணம் வந்தது. மூன்று ஆண்டுகளில் ஐயாயிரம் குதிரைகள் விலைகொடுத்து வாங்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை, சொன்னபடியே, வலியின்றி உயிர் விடுவிக்கப்பட்டன. 1934இல் அதே நகரில் உழைக்கும் விலங்குகளுக்கான மருத்துவமனையும் எழுந்தது. எகிப்தின் ஏழை வண்டிக்காரரின் கழுதைக்கும் குதிரைக்கும் அங்கே இலவச சிகிச்சை. உண்மையைச் சொன்னால் பணம் வராது என்பவர்கள் இந்தப் பெண்மணியின் கடிதத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் 1959இல் சென்னையிலே தொடங்கிய பணி, 1964இல் ப்ளூ கிராஸ் என்ற பெயரில் பதிவு பெற்றது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணாவும் அதில் முன்னின்றவர். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை மாநகராட்சி வழக்கமாகக் கொண்டிருந்த அக்காலத்தில், கருத்தடை அறுவை செய்து தடுப்பூசி போட்டு விடுவதே வழி என்று அச்சங்கத்தார் 1964 முதல் சொல்லியும் செய்தும் வந்தனர். சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். இடையிலே முப்பத்திரண்டு ஆண்டுகள்! அதன்பின் 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கால் ஒடிந்த நாய்க்கு நிதி கேட்பது எளிது. கண்ணுக்கு முன்னால் நாய் இருக்கிறது. கருத்தடைக்கு நிதி கேட்பவர் எதைக் காட்டுவார்? பிறக்காத குட்டிகளை யார் படம் பிடிப்பது? வெறிநாய்க்கடிக்கு ஆளாகாத குழந்தையின் பெயரை எந்த அறிக்கையில் எழுதுவது? ஆனால் நூறு நாய்களின் துன்பத்தைத் தொடக்கத்திலேயே குறைப்பது இதுதான். உண்டியல் வைப்பவர், மக்கள் எதற்கு இளகுகிறார்களோ அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டு, எது தேவையோ அதை விட்டுவிடுவாராயின் அவர் பிராணிக்குப் பணியாற்றவில்லை, பார்வையாளருக்குப் பணியாற்றுகிறார். படகுத்துறையின் உண்டியலிலே குரங்குக்குப் பழம் என்று எழுதினால் பணம் குவியும். குரங்குக்குத் தீனி எறியாதீர் என்று பலகை வைக்கப் பணம் கேட்டால்? குரங்குக்கு நல்லது இரண்டாவதுதான்.

நம்மவர் மனத்திலுள்ள ஐயம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிராணிநலம் என்ற பெயரைக் கேட்டதும், ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது எழும் சச்சரவுகள் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தூண்டிவிட்ட முயற்சியால் பிறந்த 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம், எந்தச் சமயத்தாரும் தம் சமயம் வேண்டும் முறையில் அறுப்பதைக் குற்றமாக்கவில்லை. 28ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே விலக்கி வைத்திருக்கிறது. அச்சட்டத்தின்படி 1962இல் சென்னையில் அமைந்த பிராணிநல வாரியத்துக்கும் அந்த அம்மையாரே முதல் தலைவர். எனவே ஐயத்துக்குக் காரணம் சட்டமன்று. நிதியின் நோக்கம் நடுவழியில் மாறிவிடுமோ என்ற அச்சமே. அடிபட்ட நாய்க்கென்று வாங்கிய பணத்தை, ஒரு சாராரின் பண்டிகையையோ உணவையோ எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டச் செலவிடுவது அமானிதத் துரோகம். அந்த எதிர்ப்பு சரியா, தவறா என்ற வழக்கே அங்கு எழவேண்டியதில்லை. அதற்குத் தனி உண்டியல் வைத்து, தன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். இதே அளவுகோல் நமக்கும் உண்டு என்பதையும் மறவாதிருப்போம்.

மிச்சப் பணத்தின் கதையும் இதுதான். ஒரு நாயின் அறுவைக்கென்று பன்னிரண்டாயிரம் வந்தது. ஏழாயிரம் செலவான நிலையில் நாய் இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் யாருடையது? வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு மார்க்கச் சட்டத்தின் வாசகத்துக்கு நிகரான மதிப்பு உண்டு என்பார்கள் ஃபிக்ஹு அறிஞர்கள். பொது அறக்கட்டளைகளின் நோக்கம் தடைபட்டால் திட்டம் வகுத்துத் தரும்படி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். படகுத்துறை உண்டியலுக்காக யார் நீதிமன்றம் ஏறுவார்? கொடுத்தவரைத் தேடிக் கேட்கலாம் என்றால் அவர் எழுபது வளைவுகளையும் இறங்கிவிட்டார். ஆகவே, இப்பிராணிக்குப் பயன்படாது எஞ்சும் தொகை இதே மலையிலுள்ள பிற பிராணிகளின் சிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் செலவிடப்படும் என்று முன்னமே உண்டியலின்மேல் எழுதிவிடவேண்டும். ஒரே ஒரு வரி. அதை எழுதாதவர் பின்னால் எடுக்கும் முடிவு எவ்வளவு நல்லதாயினும், பிறர் பணத்தில் தம் விருப்பத்தை நிறைவேற்றியதாகவே ஆகும்.

தொண்டு செய்பவரிடம் கணக்குக் கேட்பது அவர் மனத்தைப் புண்படுத்தாதா என்பார் உண்டு. இரவெல்லாம் விழித்திருந்து குட்டிக்குப் பால் புகட்டுபவரிடம் ரசீதைக் கேட்பது கடினம்தான். ஆனால் ஜகாத் தண்டச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று பெருமானார் மிம்பரில் ஏறி நின்று கேட்டார்கள். அவரும் பாடுபட்டுத் திரும்பியவரே. பாடுபட்டது கணக்கிலிருந்து விலக்குத் தரவில்லை.

இனி, கணக்குப் பார்ப்பவர் யார்? பெரும்பாலான சங்கங்களில் பிராணியன்பர் ஒருவரே மற்றொரு பிராணியன்பரின் கணக்கைப் பார்த்துக் கண் கலங்கிக் கையெழுத்திடுகிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாசலூர்பட்டியின் உண்டியலுக்குச் சாவி இரண்டாக இருக்கட்டும். ஒன்று ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃபின் பொறுப்பைத் தமக்குப் பின் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். கணக்குப் பார்ப்பதற்கோ, நாயைக் கண்டால் சாலையின் மறுபக்கம் ஒதுங்கிப் போகும் ஒருவரை அமர்த்துங்கள். அவர் கண்ணீருக்கு மயங்கமாட்டார். வாங்கிய தடுப்பூசிக் குப்பிகள் எத்தனை, காலிக் குப்பிகள் எத்தனை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனதாக எழுதிய பிராணிகளுக்குச் சீட்டு எங்கே என்று கேட்பார். கருத்தடை செய்த நாயின் காதோரத்தில் சிறிதாக வெட்டி அடையாளம் இடுவது வழக்கம். ஏட்டில் நாற்பது என்றிருந்தால், அவர் காலையில் படகுத்துறையிலிருந்து செம்மேடு வரை நடந்து வரட்டும். நாயைத் தொடவேண்டியதில்லை, கழுவவேண்டியதும் இல்லை. எட்ட நின்று காதுகளை எண்ணினாலே போதும்.